நிற்கும் மரத்தில் முகம் செதுக்க மாசிதான் சரி

பட்டுப்போன மரத்தில் எந்த மாதமும் உளி வைக்கலாம். உயிரோடு நிற்கும் மரத்தில் மாதம் பார்த்தே ஆக வேண்டும். மரத்தின் காயம் நம் தோல் போல ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளே தடுப்பு எழுப்பிக்கொண்டு, வெளியே புது மரத்தை வளர்த்து மூடப் பார்க்கும். அமெரிக்க வனச் சேவையைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ 1977இல் விரிவாக விளக்கியது இதைத்தான். விளிம்பில் அந்த வளர்ச்சி சீக்கிரம் தொடங்கினால் மரம் தப்பும்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் வேம்புக்கு ஏற்ற காலம் தை கடைசி முதல் மாசி முடிய. இலை பழுத்து உதிரத் தொடங்கியிருக்க வேண்டும், கொழுந்து வந்திருக்கக் கூடாது. நாள்காட்டியைவிட இந்த அடையாளம் நம்பகமானது. கொழுந்து விட்டபின் பட்டை மரத்தைவிட்டு நழுவும். மொட்டு ஒட்டுக் கட்டுபவர்களுக்கு அது வசதி, நமக்கு வினை: முகத்துக்காக வரைந்த எல்லைக் கோட்டுக்கு உள்ளே நெம்பினால் வெளியேயும் பட்டை கழன்று, நாம் வரையாத இடமெல்லாம் காயும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காயம் உலராது, பூஞ்சை ஏறும். அக்னி நட்சத்திர வெயிலில் வெட்டிய முகம் வேகமாகக் காய்ந்து மூக்கோடு பிளக்கும்.

வேம்பு, பூவரசு, தேக்கு போதும். மாமரம் வேண்டாம், தண்டு துளைப்பான் வண்டு பட்டைக் காயத்தில் முட்டை வைக்கும். ஆல், அரசு, பலாவில் பால் வடிந்துகொண்டே இருக்கும். தென்னை, பனையைத் தொடவே கூடாது. அவற்றுக்குக் கேம்பியம், அதாவது பட்டைக்கு அடியில் புது மரத்தை வளர்க்கும் திசு, இல்லாததால் காயம் ஒருநாளும் மூடாது. தென்னையில் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும்.

அடிமரச் சுற்றளவு 120 செ.மீ.க்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். முகத்தின் அகலம் சுற்றளவில் கால் பங்கைத் தாண்டக் கூடாது: 160 செ.மீ. மரத்துக்கு 40 செ.மீ. உச்ச வரம்பு, 30 நல்லது. தரையிலிருந்து மோவாய் ஒரு மீட்டருக்கு மேலே இருக்கட்டும், கரையானும் மண் தெறிப்பும் எட்டாது. கிழக்குப் பக்கம் சிறந்தது: காலை வெயிலில் பனி உலரும், மேற்கு வெயில் படாது. முதலில் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) சுற்றிலும் தட்டிப் பாருங்கள்; பொந்து ஒலி கேட்டால் வேறு மரம்.

மேலும் கீழும் நீண்ட முட்டை வடிவில் எல்லை வரைந்து, கூர்மையான கத்தியால் பட்டையை மரம் வரை நேராக அறுங்கள். அறுத்த பிறகே உள்பக்கப் பட்டையை எடுக்க வேண்டும். அந்த எல்லைக்கும் முகத்துக்கும் இடையே 3 செ.மீ. சும்மா விடுங்கள், பின்னால் உருண்டு வரும் விளிம்பு அங்கேதான் ஏறும். மூக்கு நுனியை மேல்மட்டத்திலேயே வைத்து, கண்குழியை 4 செ.மீ.க்கு மேல் தோண்டாமல் நிறுத்துங்கள். உளி மழுங்கியிருந்தால் நார் வெட்டுப்படாமல் நசுங்கும், நசுங்கிய நார் ஈரம் பிடிக்கும். ஒவ்வொரு மரத்துக்கும் முன் உளியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள்.

பலர் கோட்டை விடுவது கீழ் இமையிலும் உதட்டு மடிப்பிலும்தான். இரண்டும் வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு குவளை தண்ணீரை நெற்றியில் ஊற்றுங்கள். எங்காவது தேங்கினால் அங்கே சரிவு போதவில்லை, இன்னும் சீவுங்கள். தேங்கும் குழியில்தான் அழுகல் தொடங்கும்.

தாரோ பெயிண்டோ பூச வேண்டாம், ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். மனசு கேட்கவில்லை என்றால் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசையை மெல்லியதாகப் பூசலாம். மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தனித்தனியாக அரை லிட்டர் தண்ணீரில், பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைக்க வேண்டும். சுண்ணாம்பு ஆறியபின் துத்தநீரை அதில் ஊற்றிக் கலக்குங்கள். சுத்தமான இரும்பு ஆணியை முக்கி எடுத்தால் செம்பு நிறம் படிகிறதா? இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். முகம் சில மாதம் நீலமாக இருக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

அந்தக் கோடை முழுக்க பத்து நாளுக்கு ஒருமுறை, தூரில் அல்லாமல் கிளை நிழல் விழும் வட்டத்தில் தண்ணீர் விடுங்கள். ஆண்டுகள் போகப் போக விளிம்பு உருண்டு கன்னத்தை நெருக்கும். முகம் மாறுகிறதே என்று அதை வெட்டினால் காயம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். முகத்துக்குக் கீழே அடிமரத்தில் காளான் முளைத்தால் உள்ளே அழுகுகிறது என்று அர்த்தம். அதன்கீழ் யாரையும் உட்காரவிடாமல், மரம் தெரிந்தவரை அழைத்து உடனே காட்டுங்கள்.

சாலையோர மரம் அரசுடையது. அனுமதியில்லாமல் அதில் உளி வைக்க முடியாது.