டேட்டாடேபிளில் இருக்கிறது, டேட்டாபேஸில் இல்லை

ஸ்ட்ரிங்கை ஒட்டி எஸ்க்யூஎல் எழுதக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம். பாராமீட்டர் போட்டு (மதிப்பைத் தனியே அனுப்பி) ஒழுங்காக எழுதிய பிறகும், டாட் நெட் நிரலை டேட்டாபேஸோடு இணைக்கும் ஏடிஓ டாட் நெட்டில் புதியவர்கள் விழும் குழிகள் இவை.

அக்செப்ட்சேஞ்சஸை முந்தி அழைப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தீராத தவறு. பெயரைப் பார்த்து ‘இதுதான் சேமிக்கும் போல’ என்று நினைத்து, அடாப்டரின் (நினைவகத்தில் இருக்கும் டேட்டாடேபிளுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே தரவை ஏற்றி இறக்குவது) அப்டேட்டுக்கு முந்தின வரியில் இதை வைத்துவிடுகிறார்கள். நிரல் ஓடும், பிழை வராது, கிரிடில் புது மதிப்பு பளிச்சென்று தெரியும். ஆப்பை மூடித் திறந்தால் பழைய மதிப்பு. உடனே கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கைச் சந்தேகப்பட்டு, பாராமீட்டர்களைக் கலைத்துப்போட்டு, அரை நாள் போய்விடும்.

அடாப்டர் பார்ப்பது ஒவ்வொரு வரிசையின் ரோஸ்டேட்டை, அதாவது அது மாறியதா, எப்படி மாறியது என்ற நிலையை. ஆடட் என்றால் இன்சர்ட் கமாண்ட், மாடிஃபைட் என்றால் அப்டேட் கமாண்ட், டெலீட்டட் என்றால் டெலீட் கமாண்ட். அன்சேஞ்ச்ட் என்றால் தொடாது. இருப்பு 40 என்பதை 45 ஆக்கினால், வரிசை 40-ஐ ஒரிஜினல் என்றும் 45-ஐ கரண்ட் என்றும் இரண்டையும் வைத்திருக்கும். அக்செப்ட்சேஞ்சஸ் அழைத்ததும் ஒரிஜினலும் 45, நிலை அன்சேஞ்ச்ட். டேட்டாபேஸில் இன்னும் 40. அதை மாற்றச் சொல்ல ஆளில்லை. டெலீட் செய்த வரிசை என்றால் நினைவகத்திலிருந்தே போய்விடும்.

அப்டேட் வெற்றியானதும் அடாப்டரே இதைச் செய்துகொள்ளும். நீங்கள் அழைக்கத் தேவையே இல்லை, ஒரு இடம் தவிர: பல கமாண்டுகளை ஒன்றாக நிறைவேற்றும் அல்லது ஒன்றாக ரத்து செய்யும் டிரான்ஸாக்‌ஷன். அப்டேட் முடிந்து, அடுத்த கமாண்ட் தோற்று, ரோல்பேக் ஆனால் டேட்டாபேஸ் பழைய நிலைக்குத் திரும்பும், டேட்டாடேபிள் திரும்பாது. மறுமுயற்சியில் ஒரு வரிசைகூடப் போகாது. எனவே அடாப்டரின் அக்செப்ட்சேஞ்சஸ்ட்யூரிங்அப்டேட்டை ஃபால்ஸ் ஆக்கி, கமிட் முடிந்த பிறகு நீங்களே அழையுங்கள்.

ஒரு டேட்டாபேஸிலிருந்து டேட்டாடேபிளுக்கு ஃபில் செய்து (நிரப்பி) இன்னொன்றில் எழுதும்போதும் இதே கதை: ஃபில் முடிந்ததும் எல்லா வரிசையும் அன்சேஞ்ச்ட். அக்செப்ட்சேஞ்சஸ்ட்யூரிங்ஃபில்லை முன்பே ஃபால்ஸ் ஆக்கினால் அவை ஆடட் ஆகவே நிற்கும்.

சந்தேகம் வந்தால் அப்டேட்டுக்கு முன் கெட்சேஞ்சஸ் அழைத்துப் பாருங்கள். நல் (வெற்று மதிப்பு) திரும்பினால் அனுப்ப எதுவும் இல்லை. அப்டேட் தரும் எண்ணையும் தூக்கிப்போடாதீர்கள். 0 என்றால் அதுவே பதில்.

ரிமூவ் வேறு, டெலீட் வேறு

ரிமூவ் என்பது டெலீட்டும் அக்செப்ட்சேஞ்சஸும் சேர்ந்தது. டேட்டாபேஸில் அழிய வேண்டுமென்றால் டெலீட்.

எந்த வரிசை என்று சொல்லும் ‘வேர்’ (WHERE) பகுதியின் பாராமீட்டர்

வரிசையின் எந்த மதிப்பை எடுப்பது என்று சொல்லும் சோர்ஸ்வெர்ஷன் ஒரிஜினலாக இருக்கட்டும். இயல்பான கரண்ட்டிலேயே விட்டு, வரிசையை அடையாளம் காட்டும் கீயைப் பயனர் மாற்றினால், புதுக் கீயைத் தேடி 0 வரிசை கிடைத்து, டிபி கன்கரன்சி எக்ஸெப்ஷன் வரும். வேறு யாரோ திருத்திவிட்டார்கள் என்று அதைத் தவறாகப் படிப்பார்கள்.

லூப்புக்குள் பாராமீட்டர் சேர்ப்பது

வெளியே ஒருமுறை சேர்த்து, உள்ளே வேல்யூவை மட்டும் மாற்றுங்கள். இல்லையென்றால் இரண்டாம் சுற்றிலேயே ‘ஏற்கெனவே அறிவிக்கப்பட்டது’ என்று எஸ்க்யூஎல் சர்வர் நிறுத்தும்.

நல்

டேட்டாபேஸுக்கு வெற்று மதிப்பு அனுப்ப டிபிநல் டாட் வேல்யூ. சி ஷார்ப்பின் நல் போனால், பாராமீட்டரே தரவில்லை என்று பிழை.

பாராமீட்டரைச் சுற்றி ஒற்றை மேற்கோள்

வேண்டாம். மதிப்புக்குப் பதில் பாராமீட்டரின் பெயரே போய் உட்காரும்.