ர-வா, ற-வா? சொல்லைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள்

பேச்சில் பல ஊர்களில் ர, ற இரண்டும் ஒரே ஒலிதான். ன, ண கதையும் ஏறக்குறைய அதுவே. காதை நம்பி எழுதினால் சறுக்கும். பிழைதிருத்தியும் முழுதாகக் காப்பாற்றாது: 'கல்லை எரிந்தான்' என்று எழுதினால் அது பேசாமல் விட்டுவிடும், 'எரிந்தான்' என்றும் ஒரு சொல் இருக்கிறதே! அகராதி பக்கத்தில் இல்லாதபோது கைகொடுப்பது ஒரே வழி. ஐயம் வந்த சொல்லை அதே வேரில் பிறந்த இன்னொரு வடிவத்துக்கு இழுத்துப் பார்ப்பது.

'பயிற்சி'யா 'பயிர்ச்சி'யா? வினை 'பயில்'. ல் ஈறு க, ச, ப வரும்போது ற் ஆகும்: பயில் – பயிற்சி, முயல் – முயற்சி, நில் – நிற்க, சொல் – சொற்கள். ர் ஈறு மாறாது: வளர் – வளர்ச்சி, உணர் – உணர்ச்சி, எதிர் – எதிர்ப்பு. ற் வந்துவிட்டால் அதற்குப் பின் இன்னொரு ஒற்று வராது. 'முயற்ச்சி', 'பயிற்ச்சி' என்று நடுவில் ஒரு ச் செருகுவது பெயர்ப்பலகைகளில் சாதாரணமாகக் கண்ணில் படும் பிழை. ட் எழுத்துக்கும் அதே கட்டுப்பாடு: ஆட்சி, காட்சி, கட்சி. ர், ழ் ஆகியவற்றுக்குப் பின் ஒற்று வரலாம்: வளர்ச்சி, மகிழ்ச்சி.

ல, ற, ன ஒரு குடும்பம். ள, ட, ண இன்னொரு குடும்பம். கொல் – கொன்றான், கொள் – கொண்டான். நல் – நன்மை, வெள் – வெண்மை. ழ இரண்டிலும் சேராமல் தனியே நிற்கும்: வாழ் – வாழ்க்கை, வீழ் – வீழ்ச்சி. 'நாட்டை ஆழ்பவர்' என்று கை எழுதப் போனால் 'ஆட்சி'யை நினையுங்கள். ட் வருகிறது, ஆகவே 'ஆள்பவர்'.

ன, ண எழுத்துகளை ரெண்டு சுழி, மூணு சுழி என்று படித்தால் வடிவம்தான் மனத்தில் நிற்கும். றன்னகரம், டண்ணகரம், தந்நகரம் என்ற பழைய பெயர்களில் விதியே அடங்கியிருக்கிறது: ற-வுக்கு முன் ன், ட-வுக்கு முன் ண், த-வுக்கு முன் ந். கன்று, வண்டு, பந்து.

தனிக் குறிலை அடுத்து ர், ழ் ஒற்றாக வராது என்பது தொல்காப்பிய விதி. அதனால் 'விர்பனை', 'நிர்க' இரண்டும் தமிழ் அமைப்புக்கே பொருந்தாதவை. தர்மம், வர்க்கம், கர்ப்பம் போன்ற வடசொற்களுக்கு இது செல்லாது.

'சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்' என்பது ஊரெல்லாம் எழுதப்பட்ட பிழை, அதுவும் சுவரிலேயே! கிணறு – கிணற்றில், வயிறு – வயிற்றில் என்று 'று' ஈற்றுச் சொற்களுக்குத்தான் ற இரட்டிக்கும். மதிலை யாரும் 'சுவறு' என்பதில்லை. ஆகவே சுவரில், சுவரை, சுவருக்கு.

இரண்டு சொற்களும் உண்மையிலேயே இருக்கும் இடங்களில் உறவுச் சொல்லைத் தேடுங்கள். இரங்கு – இரக்கம். இறங்கு – இறக்கம். எனவே அஞ்சலிச் சுவரொட்டியில் 'இரங்கல்'. பொருந்து – பொருத்து – பொருத்தம்; பொறு – பொறுத்து – பொறுமை. குழாயைப் பொருத்தலாம், ஆனால் 'என்னைப் பொறுத்தவரை' என்பதற்கு வல்லின ற-தான். பனி, பணி, தினை, திணை, வலி, வழி, வளி போன்றவற்றில் இந்த உத்தி பலிக்காது. பொருளோடு சேர்த்து மனப்பாடம் செய்வதே வழி.

கருப்பா, கறுப்பா என்ற சண்டை ஓயாதது. 'கறுத்தது' என்ற வினையைப் பார்த்தால் 'கறுப்பு'க்கு நியாயம் கூடுதல். ஆனாலும் இரண்டும் வழக்கில் இருப்பதால், ஒரு கட்டுரைக்குள் ஏதேனும் ஒன்றையே கடைசிவரை எழுதுங்கள்.