சயாம் மரண ரயில்: வாங்போ மரப்பாலத்தை 1:150 அளவில் கட்டுவது எப்படி

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்துப் போட்டது சயாம்–பர்மா ரயில்பாதை. அதை மாதிரியாகக் கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது தா மாக்காம் இரும்புப் பாலத்தில்தான் (‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்று பலரும் அறிந்தது). பார்த்ததும் எல்லோருக்கும் அடையாளம் தெரியும். ஆனால் அதைக் கட்டி முடித்தால் இரும்புதான் கண்ணில் நிற்கும், ஆள் நிற்கமாட்டான். தப்பாகக் கட்டுவதும் அதில் சுலபம். ஜாவாவிலிருந்து கொண்டுவந்த வளைமுதுகு இரும்புச் சட்டங்கள் மொத்தம் 11. இன்று நடுவில் தெரியும் இரண்டு சதுரச் சட்டங்கள் குண்டுவீச்சுக்குப் பிறகு, போர் முடிந்தபின் மாற்றியவை. இப்போதைய புகைப்படத்தைப் பார்த்து 1943ஐக் கட்டுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே வைத்துவிடுகிறார்கள்.

வாங்போ மரப்பாலம் இதைவிட நல்ல தேர்வு. குவாய் நொய் ஆற்றை ஒட்டிய சுண்ணாம்புப் பாறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, மரத்தூண்கள் மேல் வளைந்து போகிறது பாதை. தாம் கிராசே குகைக்குப் பக்கத்தில் இன்றும் அதன்மேல் ரயில் ஓடுவதால் படங்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாகத் தெரியும். அதைத் தூக்கி வைத்தவர்களைப் பார்ப்பவர் தானாகவே நினைப்பார்.

முதலில் தேதி, பிறகு பலகை

415 கி.மீ. பாதை, தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை. 1942இல் வேலை தொடங்கி, 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. இந்தக் காலத்துக்குள் ஒரு மாதத்தைக் குறித்துக்கொள்ளாமல் எதையும் வெட்டாதீர்கள். மரத்தின் நிறம், ஆற்றின் நிறம், யார் நிற்கிறார்கள், ரயில் ஓடலாமா கூடாதா என்பதெல்லாம் அந்த மாதத்தைப் பொறுத்தது.

1943 தொடக்கம் என்றால் பாலம் கட்டுமானத்தில் இருக்கிறது, அதன்மேல் ரயில் ஓடாது. வாங்போவில் அப்போது வேலை செய்தவர்கள் முக்கியமாக நேச நாட்டுப் போர்க்கைதிகள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பாதை நெடுகிலும் வேலை செய்தார்கள். பாதை திறந்த பிறகும் பலரை விடவில்லை. கரை சரிவதைச் சீராக்கவும், என்ஜினுக்கு விறகு வெட்டி அடுக்கவும் நிறுத்திக்கொண்டார்கள். ஆகவே ரயிலும் ஓடவேண்டும், தமிழர்களும் தெரியவேண்டும் என்றால் 1944 தொடக்கத்து வறண்ட பருவத்தை எடுங்கள். இந்த வழிகாட்டி அந்தக் காட்சிக்கானது.

அளவு

பாதை மீட்டர் கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர். 1:87இல் 12 மி.மீ. தண்டவாளம் மிகத் துல்லியமாகப் பொருந்தும், ஆனால் அந்த அளவில் தொடர்வண்டி கிடைப்பது பாடு. 1:150இல் 9 மி.மீ. தண்டவாளம் கொஞ்சம் அகலம்தான் (கணக்குப்படி 6.7 மி.மீ. இருக்கவேண்டும்). அதைப் பொறுத்துக்கொண்டால் ஜப்பானிய மாதிரி ரயில் நிறுவனமான கேட்டோவின் சி56 நீராவி என்ஜின் தயாராகவே கிடைக்கிறது. ஜப்பான் இந்தப் பகுதிக்கு அனுப்பிய அதே வகை அது.

இன்னொரு காரணமும் உண்டு. 1:150இல் ஆள் உயரம் 11 மி.மீ. முகபாவம் தெரியாது, நிற்கும் விதம் மட்டும் தெரியும். பட்டினியால் இளைத்த உடம்பை 1:35இல் செதுக்கி வண்ணம் தீட்டினால் அது கைத்திறன் காட்டும் பொருளாகிவிடும். இந்தக் கதைக்கு 11 மி.மீ. போதும்.

காட்சிப் பலகை 900 × 350 மி.மீ. இருபுறமும் மறைவாகத் தலா 450 மி.மீ. என்ஜினும் நான்கு சக்கரச் சரக்குப் பெட்டி ஐந்தும் சேர்ந்தால் ஏறத்தாழ 370 மி.மீ., அது மறைவுக்குள் முழுதாக நிற்கவேண்டும். தண்டவாளத்தின் உயரம் தரையிலிருந்து 125 முதல் 130 செ.மீ. மேலிருந்து குனிந்து பார்த்தால் இது பொம்மை. கண் மட்டத்தில் பார்த்தால் மட்டுமே பாறையின் உயரம் உறைக்கும்.

பாலம்

அசல் பாலம் பல நூறு மீட்டர். முழுதாகக் கட்டினால் இரண்டு மீட்டரைத் தாண்டும். 600 மி.மீ. மட்டும் எடுத்தால் 90 மீட்டர் ஆகிறது. 33 மி.மீ. இடைவெளியில் 18 கண்கள் (தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்), 19 தூண்சட்டங்கள் (தூண்களைச் சேர்த்துக் கட்டிய சட்டங்கள்). வளைவின் ஆரம் 600 மி.மீ.க்குக் குறையக்கூடாது.

தேவையானவை: 2 × 2 மி.மீ. பாஸ்வுட் (மாதிரி வேலைக்கான மென்மரம்) சட்டம் 9 மீட்டர், குறுக்குக் கட்டைகளுக்கு 1 × 2 மி.மீ. 4 மீட்டர், வெள்ளை மரப்பசை, 6 மி.மீ. எம்டிஎஃப் (அழுத்திய மரநார்ப் பலகை) துண்டு, பேக்கிங் காகிதம், குண்டூசி.

ஒரு தூண்சட்டத்தின் வரைபடத்தை உண்மை அளவில் அச்சிட்டு எம்டிஎஃப் மேல் ஒட்டி, பேக்கிங் காகிதத்தால் மூடுங்கள். கோடுகளின் இருபுறமும் சிறு கட்டைகளை ஒட்டினால் அச்சு தயார். ஒவ்வொன்றிலும் நான்கு தூண்கள். நடுவில் இரண்டும் நேர், வெளிப்புறம் இரண்டும் ஆறுக்கு ஒன்று என்ற சாய்வில். மேலே 30 மி.மீ. தலைக்கட்டை, கீழே 50 மி.மீ. அடிக்கட்டை, முன்னும் பின்னும் எதிரெதிர்த் திசையில் ஒவ்வொரு குறுக்குக் கட்டை.

மரத்துக்குச் சாயம் பூசுவது ஒட்டுவதற்கு முன்பே. பசை பட்ட இடம் சாயத்தை உறிஞ்சாது. இணைப்புக்கு இணைப்பு வெளிறிய புள்ளி விழும், பிறகு என்ன பூசினாலும் போகாது. நிறத்தில்தான் அனுபவசாலிகளே சறுக்குகிறார்கள். இன்றைய பாலத்தின் படத்தைப் பார்த்து வெள்ளிச் சாம்பல் நிறம் அடிக்கிறார்கள். 1944இல் அந்த மரத்துக்கு வயது ஒன்றுகூட ஆகவில்லை. காட்டில் வெட்டிய பச்சை மரம் அப்போதுதான் காய்ந்து கொண்டிருந்தது. செம்பழுப்பு, சில கட்டைகள் மஞ்சள் கலந்து, வெட்டுமுனை எல்லாம் வெளிறி இருக்கட்டும். தண்டவாளம் இதற்கு நேர்மாறு. மலாயா போன்ற இடங்களில் ஏற்கெனவே ஓடிய பாதைகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து போட்ட பழைய இரும்பு அது. ஆகவே பக்கவாட்டில் ஆழ்ந்த துருநிறம் வேண்டும். புது மரத்தின்மேல் பழைய இரும்பு கிடப்பதை மாதிரியில் பார்க்கும்போது, பொருள்கள் எங்கிருந்து பிடுங்கப்பட்டன என்பது சொல்லாமலே தெரியும்.

பாலத்தைத் தலைகீழாகக் கட்டுங்கள். பாறையைச் செதுக்கி முடித்து, அதன் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தூணை வெட்டிப் பொருத்தப் போனால் 19 தூண்களும் 19 உயரத்தில் நிற்கும், தண்டவாளம் அலையடிக்கும். சமதளப் பலகையில் வளைவை வரைந்து, நீளவாட்டு உத்திரங்களை அதன்மேல் குண்டூசியால் நிறுத்தி, தூண்சட்டங்களைத் தலைகீழாக ஒட்டுங்கள். சட்டங்கள் வளைவின் மையத்தைப் பார்த்து நிற்கவேண்டும், ஒன்றுக்கொன்று இணையாக அல்ல. 600 மி.மீ. ஆரத்தில் ஒரு கண்ணுக்கு வளைவு கால் மில்லிமீட்டர்தான் என்பதால் உத்திரத்தை வளைக்கத் தேவையில்லை. கண்ணுக்குக் கண் நேர்த்துண்டாக வெட்டி வைத்தால் போதும். பசையை ஊசிமுனையால் தொட்டு வையுங்கள். ஈரம் அதிகமானால் 2 மி.மீ. சட்டம் ராத்திரியோடு முறுக்கிக்கொள்ளும். 24 மணிநேரம் பாரம் வைத்தபின் நிமிர்த்தி, பலகையில் பொருத்தி, தூண்கள் இருக்கும் இடத்துக்குப் பாறையை உயர்த்திக் கொண்டுவாருங்கள்.

தண்டவாளத்துக்கு ‘கோட் 55’ (Code 55, 0.055 அங்குல உயரம்) வளைதண்டவாளம் சரி. பிளாஸ்டிக் சிலீப்பர்களின் ஒழுங்கைக் கெடுக்கவேண்டும். இடையிணைப்பை வெட்டி, ஆங்காங்கே சிலவற்றை அரை மில்லிமீட்டர் கோணலாகத் தள்ளுங்கள். மின்கம்பி இரு முனையிலும் இணையவேண்டும். நடுவில் ஒன்று தேவைப்பட்டால் பாறைப்பக்கத் தூணின் பின்னால் இறக்குங்கள். பாலத்தின் இரு முனைகளிலும் அரை மில்லிமீட்டர் இடைவெளி விடாவிட்டால் ஈரப்பதம் மாறும்போது பலகை அசைந்து தண்டவாளம் புடைக்கும்.

பாறை, ஆறு, காடு

எக்ஸ்பிஎஸ் ஃபோம் (கெட்டியான நுரைப்பலகை) 30 மி.மீ. அடுக்குகளைச் செங்குத்தாக ஒட்டி, பாறைச் சுவரைப் பாலத்துக்கு மேல் 200 மி.மீ. வரை எழுப்புங்கள். சுண்ணாம்புப் பாறையில் வெடிப்புகள் மேலிருந்து கீழாக ஓடும், படுக்கைவாட்டில் அடுக்கடுக்காகச் செதுக்கினால் அது வேறு பாறை. பாறைபோல் காட்டும் பிளாஸ்டர் மாவை மெல்லப் பூசி, இளஞ்சாம்பல் அடிநிறம், மழைநீர் வழிந்த கறுப்புக் கோடுகள், நீர் படாத குடைவுகளில் காவி. பாதைக்காக வெடிவைத்து உடைத்த இடத்தில் மட்டும் கோடும் பாசியும் இல்லாமல் வெளிறிய, கூரிய முகங்கள். அந்த ஒரு பட்டை பாதையின் உயரத்தில் நீளமாகத் தெரியவேண்டும்.

ஆறு வறண்ட பருவத்தில் பச்சை கலந்த பழுப்பு. எபாக்சி ரெசினை 3 மி.மீ. அடுக்குகளாக ஊற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் சூட்டில் ஃபோம் உருகும், ஓரத்தில் ஒழுகும்.

என்ஜின்

அனுப்பப்பட்ட சி56 என்ஜின்கள் 90, எண்கள் 1 முதல் 90 வரை. ஜப்பானின் 1067 மி.மீ. கேஜிலிருந்து மீட்டர் கேஜுக்கு மாற்றி அனுப்பினார்கள். மாதிரியோடு வரும் எண்பலகை அதற்கு மேற்பட்டதாக இருந்தால் மாற்றுங்கள். நிலக்கரிப் பெட்டியில் கரியை எடுத்துவிட்டு, 1 மி.மீ. தடிமனில் 7 மி.மீ. நீளக் குச்சிகளை விறகாக அடுக்குங்கள். பளபளப்பை மேட் வார்னிஷ் அடித்துக் கொல்லுங்கள். அருங்காட்சியகத்தில் நிற்கும் என்ஜின்போல் இருக்கக்கூடாது.

பாலத்தில் மணிக்கு 10 கி.மீ. என்றால் 1:150இல் நொடிக்கு 18.5 மி.மீ. 600 மி.மீ. பாலத்தைக் கடக்க 32 நொடி. நிறுத்துகடிகாரம் வைத்துச் சரிபாருங்கள், கண் எப்போதும் வேகமாகவே ஓட்டச் சொல்லும். வட்டப்பாதை வேண்டாம். பொத்தானை அழுத்தினால் ஒரு முறை கடந்து மறைவில் நிற்கட்டும். ஓயாமல் சுற்றும் ரயிலைப் பார்ப்பவர்கள் மூன்றாவது சுற்றில் ஆட்களைப் பார்ப்பதை விட்டுவிடுவார்கள்.

ஆட்கள்

வண்ணம் பூசாத 1:160 உருவங்கள் ஜெர்மன் மாதிரி நிறுவனமான ப்ரைசரிடம் கிடைக்கின்றன. 1:150க்கு ஏறத்தாழ 0.7 மி.மீ. குறைவு, பாதகமில்லை. ரயில்வே தொழிலாளர் வகையை எடுத்து, தொப்பியையும் சட்டை மடிப்புகளையும் அரத்தால் தேய்த்து நீக்குங்கள். இருபது பேர் போதும். விறகு அடுக்குபவர் எட்டு, கரையில் மண் சுமப்பவர் ஆறு, கொட்டகைப் பக்கம் நான்கு. அந்த நால்வரில் ஒரு பெண்ணும் இருக்கட்டும், குடும்பமாக வந்தவர்களும் உண்டு. தோலுக்குக் கறுப்பு வேண்டாம், மூன்று பழுப்புகளை மாற்றி மாற்றிப் பூசுங்கள். வேட்டி வெள்ளையாக இருந்தால் காட்சியே பொய். மண்ணும் சாம்பலும் கலந்த நிறம் கொடுங்கள்.

மிச்சம் இரண்டு பேர் காவலர்கள். இவர்களை அறவே நீக்கினால் தொழிலாளர்கள் விருப்பப்பட்டு வேலை செய்வதுபோல் ஆகிவிடும். ஓங்கிய தடியோடு வைத்தால் பார்வையாளரின் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். துப்பாக்கியைத் தோளில் மாட்டிச் சும்மா நிற்கட்டும், பின்வரிசையில். அடிபடும் ஆள், பிணம், பெரிய கொடி மூன்றும் வேண்டாம்.

கொட்டகை: மூங்கில் சட்டம், அத்தாப்பு (பனையோலை வகை) கூரை, பக்கச்சுவர் இல்லை. 120 × 40 மி.மீ. கூரைக்குச் சணல் நாரை 4 மி.மீ. பட்டைகளாக வெட்டிக் கீழிருந்து மேலாக ஒட்டுங்கள். வாசலில் தண்ணீர் கொதிக்கவைக்கும் தகர டிரம் ஒன்று. காட்டோரம் 12 × 4 மி.மீ. மண்மேடுகள் நான்கைந்து, குறியேதும் இல்லாமல். அங்கே சிலுவை நட்டால் அது போர்க்கைதிகளின் கல்லறை ஆகிவிடும், தொழிலாளர் பெரும்பாலோருக்குப் பெயரெழுதிய குழி கிடைக்கவில்லை.

விளக்கப் பலகை

எழுத்து 6 மி.மீ. உயரத்துக்குக் குறையக்கூடாது, 80 சொல்லுக்கு மிகக்கூடாது. இறந்த போர்க்கைதிகள் 12,000க்கு மேல் என்பது பதிவேட்டிலிருந்து வருகிறது. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது மதிப்பீடு, ஏனெனில் முறையான பதிவேடு வைக்கவில்லை. இரண்டு எண்ணையும் ஒரே வகையாக எழுதாமல், இரண்டாவதன் பக்கத்தில் ‘மதிப்பீடு’ என்று போடுங்கள். நீங்கள் சுருக்கியதையும் சொல்லுங்கள்: பாலத்தின் நீளம் குறைக்கப்பட்டது, கொட்டகையும் மண்மேடுகளும் இடம் கருதி அருகில் வைக்கப்பட்டவை.

காட்சிக்கு வைக்கும் முன் ஒரு மணிநேரம் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். இந்த வேகத்தில் என்ஜின் பாலத்தின் நடுவில் நின்றால் பெரும்பாலும் காரணம் மோட்டார் அல்ல, சக்கரத்தில் ஏறிய அழுக்கு. ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியைத் தண்டவாளத்தின் மேல் விரித்து, சக்கரங்களை அதன்மேல் உருளவிட்டால் போய்விடும். தேய்ப்புக்காகிதம் போடாதீர்கள், கீறல்களில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும்.