டைமரைத் தட்டி ஓட வைக்காதீர்கள்

போன வாரம் எங்களிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஒரு வீட்டில் ஆஃப் ஆகாமல் ஒட்டிக்கொண்ட மோட்டார் டைமரைப் பார்த்துவிட்டு வந்தான். "ஸ்க்ரூடிரைவர் பிடியால ஒரு தட்டு தட்டினேன்ணே, சரியாயிடுச்சு" என்றான். அன்று மாலையே அவனையும் கூட்டிக்கொண்டு அதே வீட்டுக்குப் போனேன். வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படித் தட்டிவிட்டு வந்தவன்தான். நாலாவது நாள் இரவு, சம்ப் வற்றிய பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து, சீல் கருகி, காயிலும் போய்விட்டது.

ஏஎம், பிஎம் மாற்றி வைப்பது போன்ற தவறுகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் இரண்டாம் நாளே தானாகப் பிடிபட்டுவிடும்.

மோட்டாரை நேராக டைமரில் கொடுப்பது

டைமர் மேல் 16 ஆம்பியர் என்று போட்டிருக்கும். 1 எச்பி மோட்டார் ஓடும்போது இழுப்பது ஐந்து முதல் ஏழு ஆம்பியர். தாராளமாகத் தாங்கும் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். அந்த 16 ஹீட்டர் மாதிரியான லோடுக்கு. மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடிக்குள் ஓட்டக் கரண்டைப் போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். சரியாக அதே நேரத்தில்தான் டைமருக்குள் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சின்ன சுவிட்சான ரிலேயின் இரண்டு காண்டாக்டும், அதாவது தொடும் முனைகளும், ஒன்றின்மேல் ஒன்று மோதித் துள்ளிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துள்ளலுக்கும் பொறி பறக்கும், முனை உருகும். ஒரு நாள் அப்படியே ஒட்டிக்கொண்டுவிடும்.

அந்த வீட்டில் ரிலேயின் மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்து பையனிடம் காட்டினேன். மிளகு அளவுகூட இல்லாத முனை, ஒரு பக்கம் குழி விழுந்து, மறுபக்கம் மேடு தட்டி, சுற்றிலும் கரி படிந்திருந்தது. தட்டினால் ஒட்டு விடும், உண்மைதான். அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக ஒட்டும். டைமரில் ஆஃப் என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் டைமரைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுவார். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது அதை நினைத்துத்தான்.

வழி ஒன்றுதான். டைமர் ஒரு கான்டாக்டரின், அதாவது மோட்டார் லோடைத் தாங்கும் பெரிய காந்த சுவிட்சின், காயிலை மட்டும் ஓட்டட்டும், மோட்டாரை அந்தக் கான்டாக்டர் ஓட்டட்டும். கான்டாக்டர் வாங்கும்போது மோட்டார் லோடுக்கான ஏசி-3 என்ற வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ஏசி-1 வரிசையில் பெரிய எண் இருக்கும், அது ஹீட்டர் மாதிரியான லோடுக்கு, மோட்டாருக்கானது அல்ல. கூடவே, மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் நிறுத்திவிடும் ஓவர்லோடு ரிலேயும் போடுங்கள். செலவைப் பார்த்து வேண்டாம் என்பவர்களிடம் மோட்டார் காயில் கட்ட என்ன கேட்பார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

முனை கருகிய ரிலேயை உப்புத்தாளில் தேய்த்து மறுபடி மாட்டாதீர்கள். மேல்பூச்சு போய்விடும். அதே அளவில் புது ரிலே வாங்கி மாற்றுங்கள்.

எண் தெரிகிறது, அதனால் சப்ளை நன்றாக இருக்கிறது என்று நம்புவது

டிஜிட்டல் டைமரில் எண்களைக் காட்டுவது உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியாக இருக்கலாம். எண் தெரிந்தும் ரிலே இழுக்காமல் 'டிக் டிக்' என்று துடித்தால், 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். 0.47 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருப்பது அளந்தால் 0.2தான் காட்டும். பல வருடம் மெயினில் நின்று மெல்ல மெல்லத் தேய்ந்திருக்கும். இது ரிப்பேர் செய்யத் தகுந்த கோளாறு. மாற்றும்போது அதே அளவில், மெயினில் நிற்பதற்கென்றே செய்த எக்ஸ்2 வகை மட்டும் போடுங்கள், வேறு வகை வெடிக்கலாம், தீப்பிடிக்கலாம். இந்த வகை போர்டில் டிரான்ஸ்பார்மர் இல்லாததால் கரண்ட் இருக்கும்போது எந்த இடத்தைத் தொட்டாலும் ஷாக்தான். கரண்டை எடுத்த பிறகும் கெப்பாசிட்டரில் மிச்சம் இருக்கலாம், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

கரண்ட் போனதை டைமர் கோளாறு என்பது

வட்டமாகச் சுற்றும் பழைய வகையில் பேட்டரி இல்லையென்றால், கரண்ட் இரண்டு மணி நேரம் போனால் டைமரும் இரண்டு மணி நேரம் பிந்தும். கழற்ற வேண்டாம், நேரத்தைத் திருத்தி வையுங்கள்.

வாஷிங் மெஷின் டைமர்

குமிழைப் பின்பக்கமாகத் திருப்பாதீர்கள். உள்ளே சக்கரத்தின் பல் உடைந்தால் டைமரை முழுதாக மாற்றுங்கள்.

பிளாஸ்டிக் பழுப்பேறிய டைமர்

குப்பையில் போடுங்கள். அது மாட்டியிருந்த பிளக் பாயிண்டையும் கழற்றிப் பாருங்கள், உள்ளே ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, அந்தச் சூட்டில் பழுப்பேறியிருக்கலாம்.