பெயர் ஒன்றானால் ஆள் ஒன்றா? இங்கிலாந்து மூதாதையர் தேடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சரான தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பாரிஷ் (ஓர் ஆலயத்தின் பொறுப்பில் உள்ள ஊர்ப்பகுதி) ஆலயத்திலும் நடக்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று 1538ஆம் ஆண்டில் ஆணையிட்டார். 1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவை அரசே ஏற்று நடத்துகிறது. ஒரு சாதாரண உழவுக் கூலியின் குடிவழியைக்கூட முந்நூறு ஆண்டுகள் பின்னோக்கித் தொடர இடம் தரும் ஆவணச் செல்வம் இது. ஆனால், இத்தனை ஆவணங்கள் இருப்பதாலேயே, எந்தப் பெயரைத் தேடினாலும் அந்தப் பெயரில் யாரோ ஒருவர் கிடைத்துவிடுகிறார். கிடைத்தவர் நம் குடும்பத்தவர்தானா என்று கேட்காமல் மேலே செல்வதுதான், என் பார்வையில், மற்ற தவறுகளுக்கெல்லாம் வேர்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான், வில்லியம், தாமஸ் போன்ற சில பெயர்களே ஆண்களில் பெரும்பகுதியினருக்கு வழங்கின. பாட்டன் பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கமும் அங்கே பரவலாக இருந்தது. பேரன் என்ற சொல்லுக்கே பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்று பொருள் கொள்ளும் நமக்கு இது புதிதன்று. இதன் விளைவாக, அண்ணன் தம்பி நால்வர் தங்கள் தலைமகனுக்குத் தந்தையின் பெயரை வைத்தால், ஒரே ஊரில் ஏறத்தாழ ஒரே வயதில் ஒரே பெயருடைய நால்வர் இருப்பார்கள். அவர்களில் ஒருவரின் ஞானஸ்நானப் பதிவை மட்டும் கண்டுவிட்டு, இவரே என் மூதாதை என்று முடிவுகட்டுவது சூதாட்டத்துக்கு ஒப்பானது. குறைந்தது, அந்தக் குழந்தை சிறுவயதிலேயே இறந்துவிட்டதா என்று அதே ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். இறந்த குழந்தையின் பெயரை அடுத்துப் பிறந்த பிள்ளைக்கே வைப்பது அன்று வழக்கமாக இருந்ததால், இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் விட்டவர்கள், இரண்டு வயதில் மண்ணுக்குள் போன குழந்தையைத் தங்கள் கொள்ளுப்பாட்டனாக எழுதிவைத்திருப்பது அடிக்கடி காணக்கூடியது. பிறர் இணையத்தில் ஏற்றிய குடிவழி மரங்களை அப்படியே நகலெடுப்பதால் இத்தகைய பிழைகள் நூறு இடங்களில் பரவுகின்றன. நூறு மரங்களில் ஒரே செய்தி இருந்தாலும், அவை எல்லாம் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டவையாக இருந்தால், சான்று ஒன்றுகூட இல்லை என்றே பொருள்.

தேடல் எப்போதும் தெரிந்தவரிலிருந்து தெரியாதவரை நோக்கி, ஒரு தலைமுறையையும் தாண்டாமல் செல்ல வேண்டும். 1837க்குப் பிந்தைய பிறப்புச் சான்றிதழ் தாயின் மணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரையும், திருமணச் சான்றிதழ் மணமக்கள் இருவருடைய தந்தையரின் பெயரையும் தொழிலையும் தருகின்றன. அரசுப் பதிவுகளின் பெயர்ப்பட்டியலான அடைவில் உள்ள ஒரு வரியோடு நிறைவடைந்து, சான்றிதழை வாங்காமல் விடுவது கைக்காசை மிச்சப்படுத்தி ஆண்டுக்கணக்கான உழைப்பை இழப்பதாகும். அந்த அடைவில் உள்ள காலாண்டு, குழந்தை பிறந்த காலத்தைக் குறிப்பதன்று, பதிவு செய்யப்பட்ட காலத்தைக் குறிப்பது. டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டின் மார்ச் காலாண்டில் இருக்கலாம். சான்றிதழிலும் எல்லாம் உண்மை என்று கொள்வதற்கில்லை. திருமணம் புரியாத தாய்க்குப் பிறந்த ஒருவர், தம் மணநாளில் அவமானத்துக்கு அஞ்சி, இல்லாத தந்தைக்கு ஒரு பெயரைச் சொல்லி எழுதவைத்த நிகழ்வுகள் உண்டு. தேடியும் பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை என்றால், 1875க்கு முன் பதிவு செய்யாத பெற்றோர்மீது கண்டிப்பு இல்லாததால் பல பிறப்புகள் விடுபட்டன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1841ஆம் ஆண்டினது தனி ரகம். பதினைந்து வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதுமாறு கணக்கெடுப்பாளர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆகவே 30 என்று எழுதப்பட்டவர் 34 வயதினராகவும் இருக்கலாம். எல்லோரும் இதைப் பின்பற்றவில்லை என்பது மேலும் ஒரு சிக்கல். வீட்டிலுள்ளோருக்கிடையே என்ன உறவு என்பதும் அதில் இல்லை. ஒரே கூரையின்கீழ் ஓர் ஆணும் பெண்ணும் நான்கு பிள்ளைகளும் இருந்தால், அவர்களைப் பெற்றோரும் பிள்ளைகளும் என்று எழுதிக்கொள்ளக் கை துடிக்கும். அவர்கள் அண்ணனும் தங்கையும், மறைந்த ஒரு சகோதரனின் பிள்ளைகளுமாக இருக்கக்கூடும். உறவும் பிறந்த பாரிஷும் 1851 முதல்தான் எழுதப்பட்டன. பிற்காலத்தில், 1931 கணக்கெடுப்பின் ஏடுகள் 1942இல் தீயில் அழிந்தன, 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளிக்கு 1939 செப்டம்பர் 29 அன்று எடுக்கப்பட்ட தேசியப் பதிவேடுதான் துணை.

இனி நாட்காட்டி. இதில் நேரும் தவறு வெறும் எண்பிழையாக நில்லாமல், இறந்துபோன ஒரு பெண்ணின் நடத்தைமீது பழி சுமத்தும் அளவுக்குப் போய்விடுகிறது. 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு ஜனவரி 1இல் தொடங்கவில்லை, மார்ச் 25இல் தொடங்கியது. ஒரு தம்பதியரின் திருமணம் 1710 மே 5 என்றும், முதல் குழந்தையின் ஞானஸ்நானம் 1710 பிப்ரவரி 2 என்றும் பதிவேட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்றைய கணக்கில் படிப்பவருக்கு, திருமணத்துக்கு மூன்று மாதம் முன்பே குழந்தை பிறந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அந்தப் பிப்ரவரி மே மாதத்துக்குப் பின் வந்தது. நம் கணக்கில் அது 1711. திருமணமாகி ஏறத்தாழ ஒன்பது மாதம் கழித்தே குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. இத்தகைய தேதிகளை 1710/11 என்று இரட்டையாக எழுதிக்கொள்வதே பாதுகாப்பானது. 1752இல் செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 என்று அறிவிக்கப்பட்டதால், இடைப்பட்ட பதினொரு நாட்களுக்கு எந்தப் பதிவும் இராது.

சொற்களும் இடம்மாறி நிற்கும். பழைய உயில்களில் சன்-இன்-லா என்பது மருமகனை மட்டுமன்றி, மனைவிக்கு முதல் கணவர் வழியில் பிறந்த மகனையும் குறிக்கும். கசின் என்பது தொலைவான உறவினர் எவரையும் குறிக்கலாம். மாமன் மகனையும் பெரியப்பா மகனையும் சொல்லாலேயே வேறுபடுத்தும் மொழியில் வளர்ந்த நாம், ஆங்கில உறவுச் சொல்லுக்கு நம் மொழியின் துல்லியத்தை ஏற்றிப் பார்த்துவிடுகிறோம். சீனியர், ஜூனியர் என்ற அடைகளும் தந்தை மகன் என்று பொருள்படாமல், ஊரில் ஒரே பெயருள்ள மூத்தவர் இளையவர் என்று மட்டும் நிற்பதுண்டு. லத்தீனில் எழுதப்பட்ட பதிவேடுகளில் ஜேக்கபஸ் என்று இருந்தால், அவர் பெரும்பாலும் ஜேம்ஸ்.

பாரிஷ் பதிவேட்டில் ஒருவர் இல்லை என்றால் அவர் அந்த ஊரிலேயே இல்லை என்றாகாது. 1640களின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் பல பதிவேடுகள் கைவிடப்பட்டன. இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராத பாப்டிஸ்ட் முதலிய சபையினர் தங்கள் பிள்ளைகளின் விவரங்களைத் தனி ஏடுகளில் வைத்திருந்தனர். அவற்றில் பல இன்று லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆனால் 1754 முதல் 1837 வரை, குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினரும் யூதர்களும் நீங்கலாக, இவர்கள்கூட இங்கிலாந்துத் திருச்சபை ஆலயத்தில்தான் சட்டப்படி மணம் முடிக்க முடிந்தது என்பதால், குடும்பத்தின் திருமணம் ஓரிடத்திலும் பிள்ளைகளின் பதிவுகள் வேறிடத்திலும் கிடைக்கும். ஆலயப் பதிவேடு சிதைந்திருந்தால், ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்பப்பட்ட படிகளைக் கவுண்டி (மாவட்டம் போன்ற ஆட்சிப்பகுதி) ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். உயிலுக்கும் இதேபோல் ஓர் எல்லைக்கோடு உண்டு: 1858 ஜனவரி 12க்கு முன் அது திருச்சபை நீதிமன்றங்களின் அதிகாரத்தில் இருந்தது, ஆகவே அரசு அடைவில் அதைத் தேடுவது வீண். குடும்பப் பெயருக்கு உரியது என்று கடைகளில் விற்கும் மரபுச் சின்னங்களையும் நம்ப வேண்டாம். சின்னம் தனி ஒருவருக்கு வழங்கப்பட்டு அவர் வழியினருக்கு மட்டும் இறங்குவது.

சென்னையில் வாழும் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினர் செய்யும் தவறு ஒன்று தனியே குறிப்பிடத்தக்கது. கிழக்கிந்திய கம்பெனியில் பணியாற்றிய மூதாதையின் பிறப்பை அவர்கள் இங்கிலாந்தின் பாரிஷ்களில் தேடிக் களைத்துப்போகிறார்கள். அவரோ மதராஸிலேயே பிறந்திருக்கக்கூடும். இங்குள்ள ஆலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. மதராஸ் மாகாணத்துக்குரியவை 1698 முதல் தொடங்கி, பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. அவற்றைப் படிக்கும்போது, தந்தையின் பெயர் முழுமையாக இருக்க, இந்தியத் தாயின் பெயர் விடுபட்டிருப்பதைக் காண நேரிடலாம். அந்த வெற்றிடத்தை ஊகத்தால் நிரப்பாமல் வெற்றிடமாகவே குறித்துக்கொண்டு, தந்தையின் உயிலில் அந்தத் தாய்க்கு ஏதேனும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறதா என்று அடுத்து பார்க்க வேண்டும்.