தொடக்கக் கல்வியின் தரத்தை உயர்த்த முனைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், முப்பது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், குடிநீர், கழிப்பறை, விளையாட்டு இடம் என இந்தியத் தொடக்கப் பள்ளிகளுக்கான அளவுகோல்களை வகுத்தது. இவை இன்றியமையாதவை. ஆனால், இவை நிறைவேறியதையே தரமாகக் கணக்கில் எழுதுவது பெருந்தவறு. கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட 2024ஆம் ஆண்டு அசர் (ASER) எனும் கல்வி நிலை ஆய்வின்படி, அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 23.4 விழுக்காட்டினரே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தனர். 2022இல் இது 16.3 ஆக இருந்தது என்பது ஆறுதல்தான். என்றாலும் நால்வரில் மூவர் இன்னும் பின்தங்கியே நிற்கின்றனர்.

பாடத்தை உரிய மாதத்தில் முடித்துவிட்டதால் குழந்தை கற்றுவிட்டது என்று கருதுவதே இந்நிலைக்கு முதன்மையான காரணம் என்பேன். நான்காம் வகுப்புக் குழந்தை விரலை வரிமேல் நகர்த்தியபடி பாடத்தைத் தடையின்றிச் சொல்வதைக் கேட்டு மனநிறைவு அடைந்துவிடக் கூடாது. அதே பக்கத்தின் நடுவிலுள்ள ஒரு சொல்லைச் சுட்டிக் கேட்டால், மனப்பாடமாக ஒப்பிக்கும் குழந்தை முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டே வந்துதான் அதைப் பிடிக்கும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு தெரியாததால் 'கொடி', 'கோடி' இரண்டையும் ஒன்றாகவே வாசிக்கும். அத்தகைய குழந்தைக்குத் தேவை நான்காம் வகுப்புப் பாடமன்று, எழுத்துக்கூட்டி வாசிக்கும் பயிற்சி.

தமிழ்நாட்டில் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்க 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்தது இதனை உணர்ந்துதான். இங்கும் ஒரு தவறு நேரலாம்: ஜூனில் அரும்பாகக் குறிக்கப்பட்ட குழந்தையை ஆண்டு இறுதிவரை அரும்பாகவே வைத்திருப்பது. சில வாரங்களுக்கு ஒருமுறை தனித்தனியே வாசிக்கச் சொல்லிக் கேட்டு நிலையை மாற்றாவிட்டால், பிரிவு வெறும் முத்திரையாகிவிடும்.

ஆசிரியரின் நேரத்தைப் பதிவேடுகளுக்கும் செயலிப் பதிவுகளுக்கும் செலவிடச் செய்வதும் தவிர்க்க வேண்டியதே. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குச் சென்றால், ஐந்து வகுப்புகளும் மற்றவர் தலையில் விழுகின்றன.

பின்தங்கிய குழந்தையை அதே வகுப்பில் நிறுத்திவைப்பதைத் தீர்வாக எண்ணுவோரும் உள்ளனர். வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு அதே பாடத்தை மறுபடி நடத்துவதால் வாசிப்பு வராது. எட்டாம் வகுப்புவரை அனைவருக்கும் தேர்ச்சி என்பதைத் தமிழ்நாடு தொடர்வது சரியே. ஆனால், குழந்தை எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்பதை அடுத்த வகுப்பு ஆசிரியருக்கு எழுதிக் கொடுக்காமல் மேலே அனுப்பினால், அவரும் புதிய பாடநூலின் முதல் பக்கத்திலிருந்தே தொடங்குவார்.