ஏரியில் எத்தனை நாள் தண்ணீர்?

பல துறைகளை இணைத்துப் பாடம் நடத்துங்கள் என்று ஆசிரியர் பயிற்சி வகுப்பில் சொல்லிவிடுவார்கள். கடைசியில் அது பெரும்பாலும் ஒரு சார்ட் ஒட்டுவதோடு முடிந்துவிடும். இணைக்கத் தலைப்பைத் தேடாதீர்கள். ஒரே பாடத்தால் பதில் சொல்ல முடியாத கேள்வியைத் தேடுங்கள்.

"நம்ம ஊர் ஏரித் தண்ணீர் எத்தனை நாள் வரும்?" 1 ஹெக்டேரில் 1 மீட்டர் ஆழத்துக்கு நின்றால் 10,000 கன மீட்டர், அதாவது 1 கோடி லிட்டர். இதுவரை கணக்கு. வெயிலில் ஆவியாவதையும் மண்ணுக்குள் இறங்குவதையும் கழிக்காமல் விடை வராதே, அங்கே அறிவியல் வந்துவிடும். சரி, மதகை யார் திறப்பது, கடைமடைக்கு எவ்வளவு பங்கு? இதைக் கேட்க ஒரு பிள்ளையாவது இருக்கும். அப்போது உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுங்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்திலேயே ஏரிக்குத் தனி வாரியம், குடவோலை முறையில் உறுப்பினர் தேர்வு. (வரலாற்று ஆசிரியர் இதற்காகவே காத்திருப்பார்.)

ஒன்று முக்கியம்: எல்லா ஆசிரியர்களும் ஒரே வாரத்தில் எடுக்க வேண்டும். தள்ளிப்போனால் பிள்ளைகளுக்கு அவை மறுபடி தனித்தனிப் பாடங்கள்தான். அலுவலகத்திலும் இப்படித்தான், கணக்குப் பிரிவையும் களப் பணியாளரையும் ஒரே கேள்வியோடு ஒரே மேசையில் உட்கார வையுங்கள்.